தவில்காரன் காது

என் காதை விட்டு முதலில் போனது தாளம். லயத்தைச் சொல்லவில்லை, மேளத்தில் நமக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் போடுகிற வெண்கலத் தாளத்தைச் சொல்கிறேன். இரண்டு கிண்ணமும் மோதுகிற அடி கேட்டது. அடிக்குப் பிறகு இழையாக நீளும் ரீங்காரம் கேட்கவில்லை. கிண்ணத்தை அமுக்காமல் விட்டுப் பிடிக்கும்படி தாளக்காரரிடம் சொன்னேன். அவர் விட்டுத்தான் பிடித்திருந்தார். கொஞ்ச நாளில் வீட்டுச் சாமி மணியும் அப்படி ஆனது. ஐப்பசி மழை விட்ட இரவுகளில் கொல்லைப்புறத்தில் சிள்வண்டே இல்லாமல் போயிற்று. ஆனால் பஸ் ஹாரன் கேட்டது, மிக்சி கேட்டது, பக்கத்துத் தெருவில் போடுகிற ரேடியோ செட் கேட்டது. பெரிய சத்தமெல்லாம் கேட்கிறவனுக்குக் காதில் குறை என்று யாருக்குத் தோன்றும்? எங்கள் தொழிலில் பலரும் இந்த இடத்திலேயே பல வருஷம் நின்றுவிடுகிறார்கள்.

நான் பரிசோதனைக்குப் போனது வீட்டில் கட்டாயப்படுத்தியதால். சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். கட்டையான ஒலிகளில் ஆரம்பித்து மேலே மேலே போனார்கள். 250 ஹெர்ட்ஸ், 500, 1000 வரை தயக்கமில்லாமல் அழுத்தினேன். 2000-க்கு மேல் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து தாளைப் பார்த்தால், மேலே நேராக ஓடிவந்த கோடு 4000-ல் பள்ளத்தில் விழுந்து, 8000-ல் கொஞ்சம் ஏறியிருந்தது. இடது காதில் பள்ளம் இன்னும் ஆழம். அதை வரைந்த பெண் என் முகத்தைப் பார்க்காமல், தாளை மட்டும் பார்த்து, "ஐயா, மில்லுல வேலையா, பட்டறையா?" என்று கேட்டார். தவில் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பள்ளம் வயதால் வருவதில்லை. வயதால் வரும் இழப்பு மேல்கோடி வரை சரிந்துகொண்டே போகும். 4000-ல் குழி விழுந்து மறுபடி ஏறினால் அது பெரும்பாலும் சத்தத்தின் வேலை. காதுத் துவாரத்தின் நீளமே 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கி உள்ளே அனுப்புகிறது; அடி அதற்குச் சற்று மேலே விழுகிறது. உள்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட எலும்புக் குழல் ஒன்று இருக்கிறது. அதனுள் வரிசையாக மயிர்ச் செல்கள். ஒலியைக் கூர்மையாக்கித் தருகிற வெளிவரிசையில் சுமார் 12,000. அதை மூளைக்கு அனுப்புகிற உள்வரிசையில் சுமார் 3,500. ஒரு காதுக்கு அவ்வளவுதான். பறவைகளுக்குப் போனால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்ப்பக்கம் காது மந்தம் என்றால் உடனே நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். எண்ணெய் செவிப்பறையைத் தாண்டிப் போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்து தாண்டினால் அது வேறு கெடுதல்.

உலோகத்தை அடித்துப் பிழைப்பவர்களின் காது போகிறது என்று இத்தாலிய வைத்தியர் ரமாசினி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். செம்புப் பாத்திரம் அடிக்கும் கொல்லர்களைப் பார்த்து எழுதியது அது. கும்பகோணம் பக்கம் பித்தளைப் பட்டறைகளைத் தாண்டி நடந்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். மேளக்காரர்களைப் பற்றித்தான் எழுத ஆளில்லை.

தவில் ஏன் இவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. அது வெட்டவெளிக்காகச் செய்த வாத்தியம். பலாக்கட்டையைக் குடைந்து, இரண்டு பக்கமும் தோல் போட்டு முறுக்கேற்றியது. இடப்பக்கம் தொப்பியில் கழி விழும். வலந்தலையில் விரல்கள் விழும். விரல்களில் துணியைப் பசை தடவிச் சுற்றிக் கல் மாதிரி காயவைத்த கூடுகள். சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்தால் நாலு வீதிக்கும் தெரிய வேண்டும், 'சுவாமி கிளம்பியாச்சு' என்று. கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரம் யாராவது தும்மினாலோ வேண்டாத வார்த்தை சொன்னாலோ காதில் விழக் கூடாதென்று கெட்டிமேளம். அந்தச் சத்தம் எங்கள் கடமை. அதில் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. வீதியில் வாசித்த சத்தம் ஆகாசத்துக்குப் போய்விடும். திரும்பி வந்து நம் காதில் அறையாது.

எங்களுடன் வாசிக்கும் நாயனம் (நாதஸ்வரம்) மாறியது. முன்பு குட்டையான, கீச்சென்று ஏறும் திமிரி நாயனம். நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, வாத்தியம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைக் கொண்டுவந்தபோது மேளம் வீதியிலிருந்து மேடைக்கு ஏற வசதியாயிற்று. தவில் அதே கட்டையும் தோலுமாகத்தான் இருந்தது. இல்லை, இன்னும் முறுக்கேறியது. தோல்வாருக்குப் பதில் இரும்புப் பட்டையும் நட்டு போல்ட்டும் வந்தபிறகு ஸ்பேனர் போட்டு இழுத்துக் கட்ட முடிகிறது. மழைக்காலத்தில் தோல் தளராமல் நிற்கிறது. அந்த வசதி பெரிது. வலந்தலையின் நாதம் ஊசி மாதிரி ஆனதும் அதோடு சேர்ந்த செய்திதான்.

என் காதைக் கெடுத்தது கோயில் என்று சொல்லமாட்டேன். கெடுத்தது கல்யாண மண்டபம். நான் தொழிலுக்கு வந்த நாளில் கல்யாணம் வீட்டு வாசல் பந்தலில் நடக்கும். கீற்று சத்தத்தைக் குடித்துவிடும். பிறகு கிரானைட் தரை, கண்ணாடிச் சன்னல், மூடிய ஏ.சி. ஹால். அதற்குள் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒவ்வொன்றுக்கும் மைக், காலடியில் மானிட்டர் பெட்டி. மேடையில் ஏறியதும் மைக் செட் பையன் கேட்பான், "எவ்வளவு வைக்கட்டும்?" யாரும் குறை என்று சொன்னதில்லை. வந்த ஜனம் மேளத்துக்கு மேல் குரல் ஏற்றிப் பேசும். அந்தப் பேச்சுக்கு மேல் நாங்கள் ஏற்றுவோம். வாசலில் செண்டை மேளம் வேறு. இதே ஹாலில் முதல்நாள் சாயங்காலம் வரவேற்பில் பாட்டுக் கச்சேரி நடந்திருக்கும். அதில் டிரம்ஸ் வாசிக்கிற பையன்களின் காதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

இடது காது ஏன் அதிகம் கெட்டது என்பதற்கு நிற்கிற இடமே பதில். ஜோடித் தவிலில் பெரும்பாலும் நான் வலது ஓரம். கூட வாசிப்பவர் எனக்கு இடப்பக்கம். அவருடைய வலந்தலை அவருக்கு வலப்பக்கம், அதாவது நேராக என் இடது காதைப் பார்த்து. என் தவிலின் சத்தத்தைவிட அவருடைய சத்தத்தை நான் அதிகம் வாங்கியிருக்கிறேன். தனி ஆவர்த்தனத்தில் அவர் வாசிக்கும்போது நான் கையை மடக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, இடது காதைக் கொடுத்துக் கேட்பேன். நல்ல சங்கதி விழுந்தால் இன்னும் கிட்டே சாய்வேன். அந்தச் சுகத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேலையிடச் சத்தத்துக்கு வல்லுநர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. 100-க்கு வந்தால் கால் மணி நேரம். என் மாணவன் ஒருவன் ஃபோனில் அளக்கும் செயலியை வைத்துக்கொண்டு ஒரு முகூர்த்தத்தில் என் பக்கத்தில் நின்றான். மாப்பிள்ளை அழைப்பிலேயே எண் 100-ஐத் தாண்டிவிட்டது. கெட்டிமேளத்தில் பார்க்கவே வேண்டாம் என்று ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு முகூர்த்தம் என்றால் விடியற்காலை தொடங்கிப் பந்தி நடக்கும் வரை நிற்கிறோம்.

கேட்காமல் போவது என்றால் அமைதி என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. பேச்சில் 'ஆ', 'ஓ' எல்லாம் முழுசாக வரும். மெய்யெழுத்துகளின் விளிம்பு உதிர்ந்துபோகும். பேத்தி "தாத்தா, பட்டு எடுத்துட்டு வந்தாச்சா?" என்று கேட்டால் எனக்குப் பட்டா, தட்டா, கட்டா என்று மூன்றும் நிற்கும், கண்முன் இருக்கிற பொருளைப் பார்த்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்வேன். ஒரே ஆள் எதிரே இருந்து பேசினால் சமாளிக்கலாம். நாலு பேர் சேர்ந்து சிரித்துப் பேசுகிற பந்தியில் நான் இலையைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். மெதுவாகப் பேசினால் புரியாது, "காது கேக்கலையா?" என்று கத்தினால் வலிக்கும். கேட்காத ஒலிக்கும் தாங்காத ஒலிக்கும் நடுவே இருந்த இடம் சுருங்கிப்போய்விட்டது. வீட்டில் இதைப் புரியவைக்கத்தான் ரொம்பக் காலம் ஆனது. இப்போது என் மனைவி எதிரே வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாக, சாதாரணக் குரலில் "என்னங்க" என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் ஒரு வைத்தியமும் இல்லை.

பாடம் சொல்லிக்கொடுப்பதில்தான் கஷ்டம் கூர்மையாகத் தெரிந்தது. பையன் சொல்லிக்காட்டுகிற சொற்கட்டில் 'கிட'வும் 'திட'வும் எனக்கு ஒன்றாக விழுகின்றன. வாயால் சொல்லும்போது உதட்டையும் நாக்கையும் பார்த்துப் பிடிப்பேன். வாசிக்கும்போது கையைப் பார்ப்பேன்: எந்த விரல் எங்கே விழுகிறது, வலந்தலையின் நடுவிலா ஓரத்திலா, மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது. இரண்டு விரல் விழ வேண்டிய இடத்தில் மூன்று விரல் விழுந்தால் காதைவிடக் கண் முந்திக்கொண்டு சொல்கிறது. தொப்பிக்குக் கண்கூட வேண்டாம். 'தொம்' என்று கழி விழுந்தால் தரை வழியாகவே பாதத்துக்கு வரும். கட்டை ஒலிகளை என் காது இன்னும் முழுசாகத்தான் வைத்திருக்கிறது.

இரைச்சல் தனிக் கதை. இரவு விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும் ஒரு மெல்லிய விசில். எந்த சுரத்திலும் சேராத உயரத்தில், மூச்சு வாங்காமல். மயிர்ச் செல் போன இடத்திலிருந்து செய்தி வராததால் மூளை தானே பெருக்கிக்கொள்ளும் ஒலி என்பது இப்போது பலரும் ஒப்புக்கொள்கிற விளக்கம். அதை அழிக்கிற மாத்திரை கிடையாது. முழு நிசப்தத்தில் அது வளரும் என்பதால் ஃபேனை ஓடவிட்டுப் படுக்கிறேன். சுருதிப் பெட்டியைக் குறைந்த ஒலியில் வைத்துத் தூங்குகிற நண்பர் ஒருவர் உண்டு. அந்த விசிலைத் துரத்திக்கொண்டு காது கொடுத்தால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. கவனிக்காமல் விடப் பழக வேண்டும். அதற்கென்றே பேசிப் பழக்கும் மனநலச் சிகிச்சை இருக்கிறது, பலருக்கு உதவுகிறது.

காது மிஷின் மாட்டினேன். பேச்சுக்கு நல்லது; பேத்தியின் பட்டு பட்டாகவே கேட்டது. அன்று சாயங்காலம் கோயிலில் நாயனக்கார அண்ணன் தோடி ராகத்தில் ஒரு கார்வை பிடித்தார். மிஷின் அதைப் பிடித்துக்கொண்டு குளறியது. ஒரே சுரம் அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில் நடுங்கித் தள்ளாடியது. கூடவே இல்லாத ஒரு சுரமும் சேர்ந்து ஒலித்தது. காரணம் பிறகு தெரிந்தது. இந்த மிஷின்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மிஷின் தானே 'கூ' என்று கத்துவதைத் தடுக்க, நீளமாக நிற்கிற ஒலி எதைக் கண்டாலும் அதை அமுக்கப் பார்க்கும் ஓர் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. நாயனத்தின் கார்வையை அது தன் சொந்தக் கூவல் என்று எடுத்துக்கொள்கிறது. கேட்புப் பரிசோதகரிடம் சொன்னால் அந்தத் தடுப்பைத் தளர்த்தி, ஒலியை அமுக்கி ஏற்றும் வேலையையும் குறைத்து, பாட்டுக்கென்று தனி அமைப்பு ஒன்று வைத்துத் தருவார். சங்கீதக்காரர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். நாமாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் பேச்சு அமைப்போடு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு வைத்துத் தந்த பிறகு தோடி நின்றது. பழைய தோடி அல்ல, ஆனால் நின்றது.

மிச்சமிருப்பதைக் காக்கக் காதடைப்பான். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான ரகம் மேல் ஒலிகளை அதிகமும் கீழ் ஒலிகளைக் குறைவாகவும் அடைக்கும். எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்கும், தாளம் செத்துப்போகும். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு "இது ஆகாது" என்று தூக்கி எறிந்தவர்கள்தான் எங்களில் அதிகம். இசைக்காரர்களுக்கென்று வேறு ரகம் இருக்கிறது. 1988-ல் அமெரிக்காவில் எடிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்தது. எல்லா உயரத்து ஒலியையும் ஒரே அளவில், 15 டெசிபெல் வரை குறைக்கும். காதுக்கு அச்செடுத்து அதில் வடிகட்டியைப் பொருத்துவார்கள். 100-லிருந்து 15 போனால் 85. கால் மணி நேரம் என்றிருந்த அளவு எட்டு மணி நேரம் ஆகிறது. விரலுக்குக் கூடு போடாமல் தவிலில் கை வைக்கமாட்டோம். காதுக்குப் போடுவதும் வாத்தியத்தின் பாகம் என்றே பையன்களுக்குச் சொல்கிறேன்.

முதல் சில கச்சேரிகளில் கை அறியாமல் பலமாக விழும். தனக்குக் குறைவாகக் கேட்பதால் இன்னும் ஓங்கத் தோன்றும். அதைத் தாண்ட வேண்டும். நாயனக்காரர்களுக்கு இது எங்களைவிடக் கடினம். சீவாளியை வாயில் வைத்துக் காதையும் அடைத்தால் சொந்த ஊதல் மண்டைக்குள் முட்டுகிறது, சுருதி பிடிபடவில்லை என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, மானிட்டரை இறக்குங்கள், தவில்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்பதுதான். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். ஹாலுக்குள் அவ்வளவு குறையாது. குறைகிற வரை லாபம்.

தள்ளி நிற்பது சின்ன விஷயம் இல்லை. லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸில் 2012-ல் வாக்னரின் இசைநாடக ஒத்திகையில் ஒரு வயோலாக்காரரைப் பித்தளை ஊதுவாத்திய வரிசைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அவர் காது போய், தொழிலும் போயிற்று. வழக்குப் போட்டார், 2018-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு, மறுவருஷம் மேல்முறையீட்டிலும் அப்படியே. காதடைப்பான் கொடுத்தது மட்டும் போதாது என்று ஆயிற்று. அங்கே வாத்தியக்காரர் சட்டப்படி தொழிலாளி. அவர் காதைக் காப்பது கூப்பிட்டவரின் பொறுப்பு. இங்கே தொழிலாளர் சட்டம் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது, ஆலைக்காரருக்காக. மேளக்காரருக்கு ஆலை ஏது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் கணக்கில் சேரும். 4000-ல் மட்டும் ஆழமாகப் பள்ளம் விழுந்து, கீழே நன்றாக இருக்கிறவர் அந்த வரம்புக்குள் வரமாட்டார். சொற்கட்டு பிரியவில்லை என்றால் தவில் ஆசிரியருக்கு என்ன மிச்சம் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. கேட்க வேண்டும். கலைஞர் நல வாரியத்தில் பதிகிற ஒவ்வொரு மேளக்காரருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை காதுப் பரிசோதனை என்று வைத்தால் பெரிய செலவில்லை.

தவில் என்றாலே காட்டுச் சத்தம் என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை. குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினுக்கு வளையப்பட்டி சுப்பிரமணியம் வாசித்ததைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நாலு தந்தி வாத்தியத்தை மூழ்கடிக்காமல் இதே தவில் கூட நடக்கும் என்று. ஓங்கி அடிப்பது சுலபம். கூட்டை லேசாகப் பதித்துச் சொல் பிரியவைப்பதுதான் சாதகம். என் வீட்டில் வேகக்கால சாதகமெல்லாம் மரக்கட்டையில்தான். தவிலை எடுத்தால் திண்ணைக்கு வந்துவிட வேண்டும். ஜோடியாக உட்காருகிறவர்கள் வலந்தலை அடுத்தவன் காதைப் பார்க்காமல் கொஞ்சம் திரும்பி உட்கார வேண்டும்.

போன மாதம் என்னிடம் பாடம் படிக்கும் நாலு பையன்களையும் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். மூன்று பேருக்குக் கோடு நேராக இருந்தது. மூத்தவனுக்கு இடது காதில் 4000-ல் சின்னப் பள்ளம். சீசனில் வெளியே ஜோடி வாசிக்கப் போகிறான், என் பழைய இடத்தில், வலது ஓரத்தில். அவன் அப்பாவும் தவில்தான். தாளைக் காட்டினேன். "எனக்கு இந்த வயசு வரைக்கும் கேக்குதே அண்ணே. பையன் காதை அடைச்சுக்கிட்டு நின்னா செட்டுல என்ன நினைப்பாங்க?" என்றார். அவர் இதைச் சொல்லும்போது நான் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட பேச்சுக்குப் பிறகு மண்டபத்தில் போட்டுக்கொள்ளட்டும், கோயில் புறப்பாட்டில் வேண்டாம் என்றார். அதற்கு ஒத்துக்கொண்டேன். அச்செடுத்துக் கொடுத்தாயிற்று, அடுத்த வாரம் வந்துவிடும். தை, மாசி, பங்குனி முகூர்த்தமெல்லாம் முடிந்ததும் அவனை மறுபடி அழைத்துப்போகப் போகிறேன். கூடவே அவன் அப்பாவையும் உட்காரவைத்துச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.